விழித்திரையும் இதய வால்வும்: ஆய்வு யாருடைய கேள்விக்கு?

சர் சி.வி. ராமன் பிறந்தது ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில், 1888 நவம்பர் 7 அன்று. ஒளிச்சிதறலுக்காகவே அவரை நினைவுகூர்கிறோம். ஆனால், வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளில் அவர் சிந்தையை நிறைத்திருந்தது கண் பார்வை. 1968இல் ‘பார்வையின் உடலியல்’ என்று பொருள்படும் ஆங்கில நூலொன்றை அவர் வெளியிட்டார். நிறவடிப்பான் ஒன்றின் வழியே ஒளிமிக்க திரையை உற்றுநோக்கிவிட்டு, அதைச் சட்டென்று விலக்கினால், பார்ப்பவரின் விழித்திரை நடுப்பகுதியே பெரிதாகத் திரைமீது தோன்றும் என்று அதில் விவரிக்கிறார். எண்பதை நெருங்கிய ஒருவர் தன் கண்ணையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. அந்த ஆய்வுக்குப் பெருஞ்செலவு இல்லை. எவருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.

நோயுற்ற விழித்திரையைப் பற்றிய ஆய்வு அப்படி அமைவதில்லை. அதற்குப் பிறருடைய கண்கள் வேண்டும், பல ஆண்டுகள் வேண்டும், பணம் வேண்டும். இதய வால்வு ஆய்வுக்கும் அப்படியே. இவ்விரு துறைகளிலும் நடந்த சில ஆய்வுகளை அருகருகே வைத்துப் படித்தபோது, மருத்துவ நுட்பங்களைவிட ஒரு கேள்வியே என்னை அதிகம் தொந்தரவு செய்தது. எதை ஆராய வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? திருச்சிக்குப் பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் பேருந்தேறி வரும் நோயாளிக்கு எந்தப் பதில் தேவையோ, அந்தக் கேள்வியை எவரேனும் கேட்கிறார்களா?

முதலில் கண். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. 40 வயதைக் கடந்த நீரிழிவாளர்களில் 12.5 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டுள்ளது. 4 விழுக்காட்டினருக்கு அப்பாதிப்பு பார்வையைப் பறிக்கக்கூடிய அளவில் உள்ளது என்று 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு கண்டது. நான்கு விழுக்காடு சிறிய எண்ணாகத் தோன்றலாம். கோடிகளோடு பெருக்கிப் பார்த்தால் அச்சமூட்டும்.

இந்நோயின் இயல்பே நயவஞ்சகமானது. சர்க்கரை மிகுந்த குருதி விழித்திரையின் நுண்குழாய்களைப் பல ஆண்டுகளாக அரிக்கிறது. குழாய்ச்சுவர் சிறு கொப்புளங்களாகப் புடைக்கிறது. நீரும் கொழுப்பும் கசிகின்றன. சில குழாய்கள் அடைபடுகின்றன. உயிர்வளி கிடைக்காத பகுதி புதிய குழாய்களை வரவழைக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. ஆனால் அவ்வாறு முளைக்கும் குழாய்கள் பலவீனமானவை. எளிதில் உடைந்து கண்ணுக்குள் குருதியைக் கொட்டும். இவ்வளவும் நடக்கும்போது வலி இருக்காது. நடுப்பகுதி தப்பியிருக்கும்வரை செய்தித்தாளும் தெளிவாகவே தெரியும். தெரியாமற்போகும்போது பலரும் முதலில் செல்வது கண்ணாடிக் கடைக்கு.

அந்தப் புரதத்தை முடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்துவது இன்று வழக்கமாகிவிட்ட சிகிச்சை. ‘கண்ணில் ஊசியா?’ என்று நடுங்குபவர்களுக்கும் இப்போது அது பழகிவிட்டது. இம்மருந்துகளின் கதையில்தான் என் கேள்விக்கான முதல் விடை இருக்கிறது. ஒரே அமெரிக்க நிறுவனத்திலிருந்து இரண்டு மருந்துகள் வந்தன. ஒன்று ரானிபிசுமாப், கண்ணுக்கென்றே உருவாக்கப்பட்டது, ஒரு முறைக்கு ஏறத்தாழ 2,000 டாலர். மற்றொன்று பெவாசிசுமாப், புற்றுநோய்க்கானது. அதைச் சிறு அளவுகளாகப் பிரித்துக் கண்ணில் செலுத்தினால் ஒரு முறைக்குச் சுமார் 50 டாலர்தான். இரண்டும் அதே புரதத்தையே முடக்குபவை. விலை மலிந்த மருந்தும் அதே பலனைத் தருகிறதா என்று சோதித்துப் பார்ப்பதில் அந்நிறுவனத்துக்கு என்ன ஆதாயம் இருக்க முடியும்?

ஆகவே அந்தச் சோதனையை அமெரிக்க அரசின் தேசியக் கண் ஆய்வு நிறுவனம் பொதுப்பணத்தில் நடத்தியது. முதுமையில் விழித்திரை நடுப்பகுதி சிதையும் நோயாளிகள் சுமார் 1,200 பேர் அதில் பங்கேற்றனர். 2011இல் முடிவு வெளியானது: ஒரே கால ஒழுங்கில் செலுத்தியபோது இரண்டு மருந்துகளும் பார்வையை ஒரே அளவுக்குக் காத்தன. நீரிழிவால் நடுப்பகுதி வீங்கியவர்கள் 660 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. பார்வை இழப்பு சிறிதாக இருந்தால் மூன்று மருந்துகளில் எதுவும் போதும். இழப்பு மிகுந்திருந்தால் முதல் ஆண்டில் அஃப்லிபர்செப்ட் என்ற மூன்றாவது மருந்து கூடுதல் பலன் தந்தது. மலிவானது எல்லாவிடத்தும் சமம் என்று நானும் சொல்லவில்லை. எந்தவிடத்தில் சமம் என்பதைக் கேட்டறிய யாராவது செலவிட வேண்டியிருந்தது என்பதே சொல்ல வந்தது.

மலிவுக்கு வேறொரு விலையும் உண்டு. ஒரே குப்பியிலிருந்து பலருக்கு மருந்தைப் பிரிக்கும்போது தூய்மை தவறினால், ஒரே நாளில் பலருடைய கண்ணும் பறிபோகும். போலி மருந்தின் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. 2016 தொடக்கத்தில் குஜராத்தில் நேர்ந்த பாதிப்பைத் தொடர்ந்து, பெவாசிசுமாப்பைக் கண்ணுக்குப் பயன்படுத்த வேண்டாமென மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கண் மருத்துவர்களின் முறையீட்டுக்குப் பிறகு அந்த எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. பிரிக்கும் அறையின் ஒழுங்கைக் கண்காணிப்பதுதான் முறையான தீர்வு. மருந்தைத் தடுப்பதால் ஏழையின் கண்தான் போகும்.

கண்ணையும் இதயத்தையும் ஒரே கட்டுரையில் பேசுவது சிலருக்கு விந்தையாகப் படலாம். உடல் அப்படிப் பிரித்து வைக்கப்படவில்லை. அறுவை இல்லாமல் குருதிக்குழாயை நேரில் காணக்கூடிய அரிய இடங்களில் ஒன்று விழித்திரை. இதய வால்வில் கிருமித்தொற்று ஏற்பட்டவரின் விழித்திரையில் நடுவில் வெண்மை கொண்ட சிவப்புத் திட்டுகள் தோன்றக்கூடும். 19ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த ரோத் என்பவரின் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. பழுதுற்ற வால்விலிருந்து பிரியும் சிறு கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். விழித்திரைத் தமனிக்குச் சென்றால், வலியில்லாமல் ஒரு கண் நொடியில் இருண்டுவிடும். அப்படி நேர்ந்தவர் ‘நாளை பார்ப்போம்’ என்று இருந்துவிடக் கூடாது. அதுவும் பக்கவாதத்துக்கு நிகரான அவசரநிலை. நல்ல கண் மருத்துவர் அந்த நேரத்தில் நோயாளியை இதய மருத்துவரிடம் அனுப்புவார்.

நம் நாட்டில் இதய வால்வு கெடுவதற்கு முதன்மைக் காரணமாக நெடுங்காலம் இருந்துவருவது ருமாட்டிக் காய்ச்சல். நெரிசலான வீட்டில் வளரும் குழந்தைக்குத் தொண்டைவலி வருகிறது. கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆற்றல் வழிதவறி, இதய வால்வையே தாக்குகிறது. ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் இளம்பெண்ணாக இருக்கையில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கருவுற்றால் நிலை மோசமாகிறது. மேலை நாடுகளில் இந்நோய் வசதி பெருகியதும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதனாலேயே அதைப் பற்றிய ஆய்வும் அங்கே மங்கியது. உகாண்டாவில் அறிகுறி தென்படாத தொடக்கநிலை நோய் கொண்ட 818 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. நான்கு வாரங்களுக்கொருமுறை பென்சிலின் ஊசி பெற்றவர்களில் இரண்டாண்டுகளில் 0.8 விழுக்காட்டினருக்கே நோய் முற்றியது, பெறாதவர்களில் 8.2 விழுக்காடு. பென்சிலின் 1940களிலிருந்தே கையில் இருக்கும் மருந்து. இந்தக் கேள்வியை இவ்வளவு தெளிவாகக் கேட்க இத்தனை காலம் ஆயிற்று.

வால்வு முற்றிலும் சிதைந்துவிட்டால் மாற்றுவதே வழி. 1970களில் செயற்கை வால்வு முழுக்க இறக்குமதிப் பொருள். விலை எளியோருக்கு எட்டாதது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், ஜி.எஸ். புவனேஸ்வர் உள்ளிட்ட பொறியாளர்களுடன் சேர்ந்து இந்திய வால்வு ஒன்றைச் செய்ய முனைந்தார். கேட்பதற்கு எளிது: ஒரு வளையம், அதனுள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டு. ஆனால் இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். அத்தனை முறையும் வட்டு தேயாமல், உடையாமல், குருதியை உறையவிடாமல் இயங்க வேண்டும். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. ஒன்றில் உலோகத் தாங்கி முறிந்தது. இன்னொன்றில் செயற்கை நீலக்கல்லால் ஆன வட்டு டைட்டானியத்தைத் தேய்த்தது. மற்றொன்றில் செம்மறியாட்டின் இதயத்துக்குள் நீலக்கல் வட்டே உடைந்தது. நான்காவது வடிவத்தில் கோபால்ட் கலந்த உலோகச் சட்டமும், மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் நெகிழி வட்டும் அமைந்தன.

நீலக்கல்லிலிருந்து நெகிழிக்கு இறங்கிவந்தபோதுதான் வெற்றி கிட்டியது என்பதை நான் ரசித்துப் படித்தேன். அதைவிட முக்கியமானது, அந்தத் தோல்விகளை அவர்கள் மறைக்கவில்லை. வலியத்தானே அவற்றை எழுதியும் பேசியும் வந்தார்.

1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு அவ்வால்வு பொருத்தப்பட்டது. தொடர்ந்து நாட்டின் பல மையங்களில் 306 பேரிடம் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் வெளியான பிறகும் கண்காணிப்பு தொடர்ந்தது. இன்றுவரை அது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மார்பில் பொருத்தப்பட்டிருக்கிறது. 2024 ஜூலையில் வலியத்தான் மறைந்தபோது நாளேடுகள் இதைக் குறிப்பிட்டன. தனியார் முதலீட்டாளர் எவரும் இத்தனை ஆண்டுத் தோல்வியைப் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார். அரசுப் பணமும், நிதி நிறுத்தப்படாமல் இருந்த பொறுமையும் இல்லையேல் அந்த வால்வு வந்திராது என்பதே என் துணிபு.

உலோக வால்வோடு வீடு திரும்புபவருக்கு ஒரு வாழ்நாள் கடமை தொடங்குகிறது. வால்வின்மேல் குருதி உறையாதிருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரையை நாள்தோறும் விழுங்க வேண்டும். அளவு குறைந்தால் வால்வு அடைபடும். கூடினால் மூளையிலோ குடலிலோ குருதி கசியும். ஆகவே ஐ.என்.ஆர். எனப்படும் இரத்தப் பரிசோதனையை மாதந்தோறும் செய்து, வால்வின் வகைக்கேற்ப 2 முதல் 3.5 வரையிலான எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். முருங்கைக் கீரையை ஒரு வாரம் மூன்று வேளையும் உண்டுவிட்டு அடுத்த வாரம் தொடாமலிருந்தால் அந்த எண் ஆட்டம் காணும். கீரையை விலக்க வேண்டியதில்லை, அளவு மாறாதிருந்தால் போதும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையும், உட்பொருள் தெரியாத சூரணமும்தான் கீரையைவிட ஆபத்தானவை.

இந்தச் சுமையிலிருந்து விடுதலை தருவதாகப் புதிய மாத்திரைகள் வந்தன. பரிசோதனை வேண்டாம், பத்தியம் வேண்டாம். அவற்றில் ஒன்றான டபிகாட்ரானை உலோக வால்வு பொருத்தியவர்கள் 252 பேரிடம் சோதித்தார்கள். உறைகட்டியும் கூடியது, குருதிக்கசிவும் கூடியது. ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டு, 2013இல் முடிவு வெளியானது. அபிக்சபான் என்ற மற்றொன்றைச் சோதித்த ஆய்வும் 2022இல் அவ்வாறே நிறுத்தப்பட்டது.

வால்வு மாற்றப்படாத, ஆனால் ருமாட்டிக் நோயோடு சீரற்ற இதயத்துடிப்பும் கொண்டவர்களுக்கேனும் புதிய மாத்திரை உதவுமா? இதை ஆராய 24 நாடுகளில் நடந்த பெரும் ஆய்வுக்குத் தலைமையேற்றவர்களில் ஒருவர் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணேசன் கார்த்திகேயன். பங்கேற்ற 4,500க்கும் மேற்பட்டோரின் சராசரி வயது 50. நால்வரில் ஏறக்குறைய மூவர் பெண்கள். புதிய மாத்திரையான ரிவராக்சபான் குறைந்தபட்சம் பழையதற்கு இணையாக இருக்கும் என்பதே மருத்துவ உலகின் எதிர்பார்ப்பு. 2022இல் முடிவு வந்தபோது, வார்ஃபரின் வகை மருந்தை உட்கொண்டவர்களில் பாதிப்பு குறைவாக இருந்தது. இறப்பும் குறைவாக இருந்தது. ஆய்வுக்குப் பணம் தந்தது ரிவராக்சபானைத் தயாரிக்கும் நிறுவனமே. தன் பொருளுக்கு எதிரான முடிவும் மறைக்கப்படாமல் வெளியானது. நிறுவனப் பணத்தால் நடக்கும் ஆய்வெல்லாம் பொய் என்று பேசுவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆய்வின் விதிமுறை முன்னரே பதிவு செய்யப்பட்டு, பொதுவெளியில் இருந்தால் பணம் கொடுப்பவர் முடிவை மாற்ற இயலாது.

அந்த விதிமுறைகளில் மக்களுக்கு அதிகம் உறுத்துவது, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்காமல் குலுக்கலுக்கு விடுவது. ‘என் உயிரைச் சீட்டுக் குலுக்கியா தீர்மானிப்பது?’ என்று கேட்பவரின் சினம் எனக்குப் புரிகிறது. ஆனால், திருவுளச்சீட்டு போட்டுப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. இரு பக்கமும் சமமாக நிற்கையில், மனிதரின் ஓரவஞ்சனை நுழையாதிருக்கவே சீட்டு எடுத்தோம். மருத்துவத்திலும் காரணம் அதுவே. தேர்வு மருத்துவரிடம் இருந்தால், தெம்பானவர்களுக்குப் புதிய மருந்தையும் நலிந்தவர்களுக்குப் பழையதையும் தன்னையறியாமல் கொடுத்துவிடுவார்; பின்னர் புதியது சிறந்ததாகத்தான் தோன்றும். எது சிறந்தது என்பது உண்மையாகவே தெரியாதபோது மட்டுமே குலுக்கல் அறமாகும்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெருமைமிக்க சான்று உண்டு. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளைச் சானட்டோரியத்தில் வைப்பதா, வீட்டிலேயே மருந்து கொடுப்பதா என்ற கேள்வியைக் குலுக்கல் முறையில் ஆராய்ந்தது. 193 பேர். வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் இல்லை, நல்லுணவும் இல்லை. இருந்தும் ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். 1959இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. அது நம் ஏழைகளின் கேள்வி, பொதுப்பணத்தில் கேட்கப்பட்டது.

அந்த ஆய்வு வென்றதற்குக் காரணம் மருந்து மட்டுமன்று. நோயாளி வராவிட்டால் ஆய்வு மையத்தினர் வீடு தேடிச் சென்றார்கள். இன்றைய நம் மருத்துவ ஆய்வுகளின் பெரும் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அறுவை முடிந்தவர்களில் திரும்பி வந்தோர் மட்டும் கணக்கில் சேர்வார்கள். நூறு பேருக்கு வால்வு பொருத்தி, ஐந்தாண்டு கழித்து அறுபது பேர் வந்து, அவர்களில் ஐம்பத்தேழு பேர் நலமாயிருந்தால் ‘95 விழுக்காடு வெற்றி’ என்று எழுதிவிட முடியும். வராத நாற்பது பேர் எங்கே? சிலர் நலமாக இருப்பதால் வராமலிருக்கலாம். சிலர் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் இழக்க இயலாமல் இருந்திருக்கலாம். சிலர் வால்வு அடைபட்டு ஊரிலேயே இறந்திருக்கலாம். அந்த நாற்பது பேரைப் பற்றிய செய்தி இல்லாதவரை 95 என்ற எண்ணுக்குப் பொருளில்லை. கண் ஊசிக்கும் இதே கதைதான்: இரண்டு ஊசியில் பார்வை தெளிந்ததும் மூன்றாவதற்கு வராதவர் ஒருபுறம், தெளியவில்லையே என்று சலித்து நின்றுவிட்டவர் மறுபுறம்.

திருச்சிக்கு இதில் செய்யக்கூடியது உண்டு. கருவிழிப் பூஞ்சைத் தொற்றைப் பற்றிய ஆய்வுகளால் திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை பன்னாட்டு மருத்துவ ஏடுகளில் அறியப்பட்டது. வயலில் நெல்தாள் குத்திய விவசாயியின் கண்ணிலிருந்து தொடங்கிய, இம்மண்ணுக்கே உரிய கேள்வி அது. புத்தூரில் உள்ள அரசு மருத்துவமனைக்கும் அதனோடு இணைந்த கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் சுற்றுவட்ட மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகள் வீட்டுக்கே செல்கின்றன. அதே பணியாளர் விரல் நுனிக் குருதியில் ஐ.என்.ஆர். பார்க்கும் சிறு கருவியையும், ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஒரு விழித்திரைக் கேமராவையும் பெற்றால், வராத நாற்பது பேரும் கணக்கில் சேர்வார்கள். விழித்திரைப் படத்தைப் படிக்க மென்பொருளும் வந்துவிட்டது. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட அத்தகைய முதல் பெரும் ஆய்வுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் நோயாளிகளுடைய படங்களும் பயன்பட்டன. நம்மவர் கண்களால் கற்ற மென்பொருள் துறையூருக்கும் முசிறிக்கும் எப்போது வரும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆய்வில் சேருமாறு அழைக்கப்படுவோர் அறியவேண்டிய சில செய்திகள். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளைப் பொதுமக்களும் பார்க்கக்கூடிய தேசியப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகளின்படி, மருந்துச் சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும், இழப்பீடும் பெற வழியுண்டு. ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; அதன் படி ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும்; அறநெறிக் குழுவின் தொடர்பு விவரம் அதில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. நான் பார்த்த தமிழ்ப் படிவங்கள் சில, ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, படித்தவருக்கும் விளங்காத நடையில் இருந்தன. கண் மங்கிய எழுபது வயதினருக்கான படிவம் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. பெரிய எழுத்தில், பேச்சுக்கு நெருங்கிய தமிழில் அதை எழுதித் தருவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அடுத்த கூட்டத்திலேயே அறநெறிக் குழு கேட்டுப் பெறலாம்.